மலைக்காற்றுக்கு ஏற்ற கலவை

(தானா ராத்தாவில், தோட்டத்து வாகனமோட்டிகளும் வாகனத் தொழில் பயிலும் இளைஞர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"வண்டி மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் டியூனிங் பார்த்துக் கொடுங்கள்." இந்தக் கேமரன் மலையில் எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். அதற்குக் கிடைக்கும் வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான். கார்புரேட்டரில் ஒரு திருகாணியைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டிவிடுவார்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனமாகும். உரிமையாளருக்கும் மனநிறைவு வந்துவிடும். மறுநாள் அதே மேட்டில் அதே வண்டி மறுபடியும் திணறும்.

இன்று உங்களிடம் சொல்ல வந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் ஆற்றலை முடிவு செய்வது காற்று. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்குத் தக்க பெட்ரோலைத்தான் எஞ்சின் எரிக்க முடியும். காற்று மெலிந்த மலையில் பெட்ரோலைக் குறைக்கத்தான் வேண்டும். நம்மில் பலர் நேர்மாறாகச் செய்துகொண்டிருக்கிறோம். அதனால் பணம் போகிறது, எஞ்சின் தேய்கிறது, உடல்நலத்துக்கும் கேடு வருகிறது. ஆகவே இதை ஒரு பட்டறைச் சங்கதி என்று ஒதுக்காமல், தோட்டத்துக் குடும்பங்களின் வாழ்க்கைச் செய்தியாகவே பேச விரும்புகிறேன்.

முதலில் இந்த மலையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பீடபூமியைப் பற்றி எழுதினார். 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இதை மலைவாசத் தலமாக்கும் வேலை சூடு பிடித்தது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் உருவானது. அடிவாரத்துத் தாப்பா நகரிலிருந்து மேலே வரும் சாலை இல்லாவிட்டால் இவை எதுவும் நிலைத்திருக்க முடியாது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளர்களின் அரிசியும் பருப்பும் அந்தச் சாலை வழியாகத்தான் ஏறின. ஆலையில் காய்ந்த தேயிலையும் அதே வழியாகத்தான் இறங்கியது. இந்த மலையின் பொருளாதாரம் தொடக்கத்திலிருந்தே மேடேறும் எஞ்சின்களின் முதுகில் நிற்கிறது.

அந்த எஞ்சின்களில் நம் கண்ணுக்கு மிகவும் பழகியது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. அதே ஆண்டில்தான் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி அவசரகாலமும் தொடங்கியது. இராணுவத்தோடும் தோட்ட நிர்வாகத்தோடும் இந்த வண்டிகள் இங்கே நடமாடின. பின்னர் காய்கறித் தோட்டக்காரர்களின் கைக்கு வந்து, முட்டைக்கோசும் தக்காளியும் சுமந்தன. உலகில் பழைய லேண்ட் ரோவர்கள் மிக நெருக்கமாகத் திரியும் இடங்களில் ஒன்று என்ற பெயரே இந்த மலைக்கு உண்டு. நம்முடைய பாடத்தையும் அந்த வண்டியை வைத்தே தொடங்கலாம்.

1958-க்குப் பிறகு வந்த லேண்ட் ரோவரின் பெட்ரோல் எஞ்சின் 2,286 சிசி. நான்கு சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அந்த 2,286 சிசி கொள்ளளவும் காற்றால் நிரம்பும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரும் முழுமையாக நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் சுமார் 3,400 லிட்டர் காற்று உள்ளே போகும். தாப்பாவில் ஓடினாலும் தானா ராத்தாவில் ஓடினாலும் இந்த லிட்டர் கணக்கு மாறாது. மாறுவது அந்தக் காற்றின் எடை.

தாப்பாவில் 32 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1,150 கிராம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 19 பாகைக் குளிரில் அதே ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,015 கிராம்தான் இருக்கும். அதாவது 12 விழுக்காடு குறைவு. தாப்பாவில் நிமிடத்துக்கு 4 கிலோவை நெருங்கும் காற்றை விழுங்கிய அந்த லேண்ட் ரோவர், இங்கே மூன்றரைக் கிலோதான் விழுங்கும். காற்றழுத்தத்தை மட்டும் பார்த்தால் குறைவு 15 விழுக்காட்டையும் தாண்டும். நம் மலையின் குளிர் காற்றைக் கொஞ்சம் செறிவாக்குவதால், உயரம் பறித்ததில் ஒரு சிறு பங்கு திரும்பக் கிடைக்கிறது. சுங்கை பாலாஸ் தோட்டத்தைத் தாண்டி, 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் குனோங் பிரிஞ்சாங் உச்சிக்குப் போனால், கீழே கிடைத்த காற்றில் ஆறில் ஒரு பங்கு இருக்காது.

எஞ்சினின் ஆற்றல் இந்தக் காற்றின் எடையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 12 விழுக்காடு காற்று குறைந்தால் ஏறத்தாழ 12 விழுக்காடு ஆற்றலும் குறையும். எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்காலும் திருகாணியைத் திருப்பி இதை மீட்க முடியாது. முதலில் இதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கு மேலும் வண்டி இழக்கும் ஆற்றல்தான் நம் கைத்தவறு. டியூனிங்கால் மீட்கக்கூடியதும் அது மட்டுமே.

இனி விகிதத்துக்கு வருவோம். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குத் தாப்பாவில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் லிட்டர் காற்று போதும். தானா ராத்தாவில் 10,500 லிட்டருக்கு மேல் தேவைப்படும். இந்த 14.7 என்ற எண்ணைச் சுற்றித்தான் எல்லா டியூனிங்கும் நடக்கிறது. மேட்டில் முழு ஆற்றல் வேண்டுமென்றால் 12.5-க்கும் 13-க்கும் இடைப்பட்ட விகிதம் நல்லது. அதாவது சற்றே பெட்ரோல் மிகுந்த கலவை. சமதளத்தில் சிக்கனமாக ஓட 15.5 அல்லது 16 வரை போகலாம். பட்டறை வழக்கில் பெட்ரோல் மிகுந்ததை 'ரிச்' என்றும், காற்று மிகுந்ததை 'லீன்' என்றும் சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

கார்புரேட்டர் இந்த விகிதத்தை எப்படிக் காக்கிறது? காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்தக் குறைவு, ஜெட் என்ற நுண்துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. அதற்குக் கண்ணும் இல்லை, அறிவும் இல்லை. அழுத்த வேறுபாடு ஒன்றுதான் அதற்குத் தெரியும். மலையில் காற்றின் எடை 12 விழுக்காடு குறையும்போது கழுத்தில் உண்டாகும் உறிஞ்சலும் 12 விழுக்காடு குறைகிறது. ஆனால் துளை வழியாக வரும் பெட்ரோலின் அளவு உறிஞ்சலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே பெட்ரோல் 6 விழுக்காடுதான் குறைகிறது. காற்று 12 குறைய, பெட்ரோல் 6 மட்டுமே குறைந்தால் கலவை என்னவாகும்? 6 விழுக்காடு ரிச் ஆகும். தாப்பாவில் 13-க்குச் சரியாக வைத்த வண்டி இங்கே 12.2-இல் ஓடும். அங்கே ஏற்கனவே 12-இல் ஓடிய வண்டி இங்கே 11.3-க்கு இறங்கிவிடும். யாரும் எதையும் தொடாமலே, சாலை ஏறிய ஒரே காரணத்தால் இது நடக்கிறது.

லயத்து வீட்டில் விறகடுப்பு எரித்த தாய்மார்களுக்கு இது நன்றாகப் புரியும். அடுப்பு புகைந்தால் மேலும் விறகைத் திணிக்க மாட்டார்கள். விறகை வெளியே இழுத்து, ஊதாங்குழலை எடுப்பார்கள். எஞ்சின் கரும்புகை தள்ளும்போது பெட்ரோலைக் கூட்டுவது, புகையும் அடுப்பில் விறகைத் திணிக்கும் வேலை.

ரிச் கலவையின் அடையாளங்களைச் சொல்கிறேன். புகைபோக்கியிலிருந்து கரும்புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்த கரி படிந்திருக்கும். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் திணறும். காலைச் சற்றுத் தூக்கினால் இழுவை கூடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போகும். பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேயும். ஒரு குடும்பம் மாதம் 500 வெள்ளிக்குப் பெட்ரோல் போடுகிறது என்றால், அந்த 6 விழுக்காடு 30 வெள்ளி. ஆண்டுக்கு 360 வெள்ளி. அந்தப் பணத்துக்கு எந்தப் பயனும் கிடைப்பதில்லை.

'மூடுபனியில் ஈரம் புகுந்துதான் எஞ்சின் திணறுகிறது' என்று இங்கே பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 15 பாகையில் நீராவி நிறைந்த காற்றில் இருக்கும் ஈரத்தைவிட, 30 பாகையில் புழுங்கும் தாப்பாக் காற்றில் இருக்கும் ஈரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே காற்றின் இடத்தை ஈரம் பிடித்துக்கொள்வது கீழேதான் அதிகம். மூடுபனி செய்யக்கூடிய கேடு இன்னொன்று உண்டு. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் கழுத்தில் வெப்பம் சட்டென்று இறங்கும். 15 பாகைக் குளிரும் முழு ஈரமும் சேர்ந்த காலையில் அங்கே பனிக்கட்டியே உறையலாம். கழுத்து சுருங்கி, காற்று தடைப்பட்டு, எஞ்சின் நின்றுபோகும். சில நிமிடங்கள் கழித்து எஞ்சின் சூட்டில் கட்டி உருகிவிடும். வண்டி ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். இதைத் தடுக்கவும் உதவும்படி லேண்ட் ரோவரில் காற்று உள்ளே போகும் குழாயைப் புகை வெளியேறும் குழாயோடு ஒட்டி வைத்து, அடியில் சூடு கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். பழைய கார்களில் காற்று வடிகட்டிக்குச் சூடான காற்றைக் கொண்டுவரும் குழாய் ஒன்று இருக்கும். சமவெளியில் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிந்த வண்டி இங்கே வந்தால் தொல்லைப்படும். அதைத் தேடி மாட்டுங்கள்.

சோக்கையும் மறக்காதீர்கள். குளிர்காலையில் இழுத்த சோக் பாதி திறந்த நிலையிலேயே சிக்கி நிற்பது இந்த மலையில் அடிக்கடி காணும் பழுது. கம்பியில் துரு ஏறியிருக்கும். சோக் முழுவதும் விடுபட்டதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் கலவையைத் தொடவே கூடாது.

இனி வேலையின் வரிசைக்கு வருகிறேன். கலவைத் திருகாணி கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை பல உண்டு. வால்வு இடைவெளி இந்த 2,286 சிசி எஞ்சினுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, அதாவது 0.25 மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.75 முதல் 0.80. அடுத்தது காற்று வடிகட்டி. தோட்டத்து மண்சாலைத் தூசி அதில் அடைத்திருந்தால் கலவை தானாகவே ரிச் ஆகும். மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் சரியா, கார்புரேட்டர் அடியில் கேஸ்கட் வழியாகத் திருட்டுக் காற்று நுழைகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் சரியான பின், எஞ்சின் நன்றாகச் சூடான பின், கலவைக்கு வாருங்கள்.

வேக்குவம் கேஜ் வைத்துப் பார்க்கும் தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை. புத்தகத்தில் நல்ல எஞ்சினுக்கு 17 முதல் 21 அங்குலம் என்று போட்டிருக்கும். அது கடல் மட்டத்துக்கான எண். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். தானா ராத்தாவில் நான்கரை முதல் 5 அங்குலம் குறைந்து, 14 அல்லது 15 காட்டினால் அந்த எஞ்சின் நலமாகவே இருக்கலாம். கம்ப்ரெஷன் சோதனையிலும் எண் அதேபோல் தாழ்ந்தே காட்டும். இதை அறியாமல், 'எஞ்சின் தேய்ந்துவிட்டது, பிரித்துச் செய்ய வேண்டும்' என்று ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையில் ஆயிரக்கணக்கான வெள்ளிச் செலவை ஏற்றிவிடாதீர்கள். நான்கு சிலிண்டர்களின் எண்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

லேண்ட் ரோவரின் சோலெக்ஸ், ஜெனித் கார்புரேட்டர்களில் கலவைத் திருகாணியை உள்ளே முடுக்கினால் லீன் ஆகும். வேறு சில கார்புரேட்டர்களில் அந்தத் திருகாணி காற்றைக் கட்டுப்படுத்தும். அங்கே உள்ளே முடுக்கினால் ரிச் ஆகும். எது என்று தெரிந்துகொண்டு கைவையுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது மெதுவாகத் திருப்பி, சுற்று வேகம் மிக அதிகமாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து லீன் பக்கமாக ஒரு துளி நகர்த்தி, வேகம் குறையத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். பிறகு ஐடில் வேகத்தைத் தனியாகச் சரிசெய்யுங்கள்.

மோரிஸ் மைனர், சில பழைய ஆஸ்டின் கார்கள் வைத்திருப்பவர்களுக்கு எஸ்.யு. கார்புரேட்டர். அதில் அழகான ஒரு சோதனை இருக்கிறது. உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் கலவை ரிச். வேகம் உடனே விழுந்தால் லீன். ஒரு கணம் சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. எந்தக் கருவியும் வேண்டாம்; காதும் பொறுமையும் போதும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐடில் திருகாணி, வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஓடும் கலவையை மட்டுமே ஆளுகிறது. ரிங்லெட் மேட்டில் சுமையோடு ஏறும்போது பெட்ரோல் தருவது மெயின் ஜெட். வெபர், சோலெக்ஸ் ஜெட்டுகளில் பொறித்திருக்கும் எண் துளையின் குறுக்களவு. 125 என்றால் 1.25 மில்லிமீட்டர். பெட்ரோலின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 125-ஐ எடுத்துவிட்டு 120 போட்டால் எண்ணில் குறைவது 4 விழுக்காடுதான். பெட்ரோலில் குறைவது 8 விழுக்காடு. நமக்கு வேண்டியது 6. அதனால் ஒரே ஒரு படி குறைத்துப் பாருங்கள். இரண்டு படி வேண்டாம். ஜெட்டைக் கம்பி விட்டுக் குடைவதும் ஈயம் வைத்து அடைப்பதும் அறவே கூடாது. அதற்குப் பின் அந்த எண்ணுக்குப் பொருளே இருக்காது. தோட்டத்துப் பிள்ளைகள் ஓட்டும் பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாருக்கும் இதே விதிதான். ஜெட் எண்ணிடும் முறை மட்டும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

ஜெட் மாற்றிய பின் சுமையோடு ஒரு நீண்ட மேட்டில் ஏற்றிப் பார்த்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பு என்றால் இன்னும் ரிச். சுண்ணாம்பு வெள்ளையாக, முனை கருகியிருந்தால் லீன். இளம்பழுப்பு நல்லது. இந்தச் சோதனைக்காக ஓடும் வண்டியின் சாவியை இறக்கத்தில் திருப்பாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் போய்விடும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். மலைப்பாதை அந்தத் துணிச்சலை மன்னிக்காது.

பற்றவைக்கும் நேரத்தையும் சேர்த்தே பாருங்கள். மெலிந்த காற்றில் சுடர் மெதுவாகப் பரவும். ஆகவே மலையிலேயே ஓடும் வண்டிக்கு டைமிங்கை ஓரிரு பாகை முன்தள்ளி வைத்தால் இழுவை கூடும். சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் இங்கே 'நாக்கிங்' (எஞ்சின் தட்டுதல்) வரும் வாய்ப்பும் குறைவு. அமெரிக்காவின் மலை மாநிலங்களில் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை விற்பதற்கும் இதே காரணம்தான். 7-க்கு 1 என்ற கம்ப்ரெஷன் கொண்ட பழைய லேண்ட் ரோவருக்கு எண்ணெய் நிலையத்தில் ஆக்டேன் கூடிய ரோன் 97 போடுவது வீண். ரோன் 95 தாராளம்.

இப்போது என் பேச்சின் மிக முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறேன். எந்த வண்டிக்கு எந்த அளவு? தோட்டத்துக்குள்ளேயே, ஹாபுவுக்கும் புளூ வேலிக்கும் இடையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் வண்டிக்கு நான் சொன்ன மலை அளவை வையுங்கள். சிறிய ஜெட், சற்று முன்தள்ளிய டைமிங். ஆனால் வாரத்தில் மூன்று நாள் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கும் வண்டிக்கு அதே அளவு வைத்தால் ஆபத்து. இங்கே சரியாக இருந்த கலவை, சுமார் 60 கிலோமீட்டர் இறங்கித் தாப்பா போனதும் 6 விழுக்காடு லீன் ஆகிவிடும். மேலே முன்தள்ளிய டைமிங் கீழே நாக்கிங்கைக் கொண்டுவரும். வெயிலில், நெடுஞ்சாலையில், கோலாலம்பூர் வரை முழு மிதியில் ஓடினால் புகை வால்வு எரியலாம். பிஸ்டன் தலை ஓட்டையாகலாம். ரிச் கலவை பணத்தை மெல்லத் தின்னும். லீன் கலவை எஞ்சினை ஒரே பயணத்தில் முடித்துவிடக்கூடும். அதனால் ஏறி இறங்கும் வண்டிக்குச் சமவெளி அளவையே வையுங்கள். மலையில் வரும் சிறு நட்டத்தைப் பாதுகாப்பின் விலையாக ஏற்றுக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு மேலே வரும் உறவினரின் பழைய காரை, 'இங்கே இழுக்கவில்லை' என்று சொல்லி இரண்டு நாளுக்காகத் திருகித் தராதீர்கள்.

டீசல் எஞ்சின் போட்ட வண்டிகளுக்கு ஒரு சொல். டீசலில் கார்புரேட்டர் இல்லை. பம்ப் அளந்த டீசலைத் தள்ளும். சாதாரண பழைய பம்புக்கு உயரம் தெரியாது. காற்று குறைந்தாலும் அதே அளவைத் தள்ளும். மேட்டில் லோரி விடும் கரும்புகை அந்த எரியாத டீசல்தான். மலையிலேயே ஓடும் டீசல் வண்டிக்குப் பம்பின் உச்ச அளவைத் தேர்ந்த பம்ப் பட்டறையில் கொஞ்சம் குறைத்து வைத்தால் புகை அடங்கும். இழுவையில் பெரிய வேறுபாடு தெரியாது.

இனி நம் நாட்டுக் கார்களுக்கு வருவோம். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் வண்டிகள். இன்று விற்கும் எல்லாப் பெட்ரோல் கார்களும் இன்ஜெக்‌ஷன். அவற்றில் ஒரு சென்சார் காற்றழுத்தத்தை அளக்கும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்த பின் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்க்கும். போஷ் நிறுவனம் 1976-இல் வோல்வோ கார்களுக்காக முதன்முதலில் உற்பத்தி செய்த பொருள் அது. அதன் சொல்லைக் கேட்டு, கணினி நொடிக்கு நொடி பெட்ரோலைத் திருத்துகிறது. தாப்பாவிலிருந்து ஏறும் வழியெல்லாம் அந்தக் கார் தன்னைத்தானே டியூன் செய்துகொண்டே வருகிறது. அப்படிப்பட்ட கார் இங்கே ரிச் ஆக ஓடினால் உயரத்தின் மேல் பழி போடாதீர்கள்; சென்சாரையும் வயரையும் பாருங்கள். கூடுதல் பெட்டி ஒன்றைச் செருகினால் ஆற்றல் பெருகும் என்று விற்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது கூடுதல் காற்றைக் கொண்டுவருமா?"

கூடுதல் காற்றைக் கொண்டுவரும் கருவி டர்போ. அதன் வரலாற்றிலும் ஒரு மலை இருக்கிறது. 1918-இல் சான்ஃபோர்ட் மோஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை 4,300 மீட்டர் உயரமான பைக்ஸ் பீக் உச்சிக்கு ஏற்றிச் சென்றார். டர்போ இல்லாமல் அங்கே அது ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. டர்போ பொருத்திக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளியதும் கடல் மட்டத்து ஆற்றல் திரும்பக் கிடைத்தது. சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானத்தை ஓட்டும் விமானியும் உயரே ஏற ஏறக் கலவை நெம்புகோலை இழுத்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போவார். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலை ஏறிய நம் மக்களின் பழைய வண்டிகளுக்கும் இதே நியதிதான். காற்றைப் பெருக்க வழியிருந்தால் பெருக்கு. இல்லையென்றால் பெட்ரோலைக் குறை. மூன்றாவது வழி இல்லை.

கடைசியாக உயிர்ச் செய்தி ஒன்று. ரிச் கலவை எரியும்போது கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டகைக்குள் எஞ்சினைச் சூடேற்றும் பழக்கம் இந்த மலையில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். புகைக்குழாயில் ஓட்டையிருக்கும் வண்டியில், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போகாதீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று பிள்ளைகள் சொன்னால் 'மலைப்பாதை வளைவுதான்' என்று தள்ளிவிடாமல், வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுங்கள். பிறகு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

தம்பி தங்கைகளே, இந்த மலையின் பட்டறைகளில் கைத்திறன் நிறைய இருக்கிறது. அறுபது வயது லேண்ட் ரோவரைச் சுமையோடு ஓடவைக்கும் கைகளை எளிதாக எண்ணிவிடாதீர்கள். அந்தத் திறனோடு இரண்டு பழக்கங்கள் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, எழுதி வைப்பது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். எந்த ஜெட் இருந்தது, எந்த ஜெட் போட்டோம், டைமிங் எவ்வளவு, வண்டி மலையிலேயே ஓடுகிறதா, இறங்குகிறதா, பிளக் என்ன நிறம், பெட்ரோல் எவ்வளவு குடித்தது. பத்து வண்டிக்கு எழுதினால் கேமரன் மலைக்கென்று ஒரு கையேடே பிறந்துவிடும். ஆங்கிலேயத் தொழிற்சாலையின் புத்தகத்தில் நம் தோட்டத்துக்கான எண்கள் இல்லை. அவற்றை இங்கே வாழும் நாம்தான் எழுத வேண்டும். இரண்டாவது, முறையாகப் படித்து மலேசியத் திறன் சான்றிதழ் எடுப்பது. அப்பாவிடமும் மாமாவிடமும் கற்ற வேலைக்குச் சான்றிதழும் சேர்ந்தால், அதே கைக்கு இரண்டு மடங்கு கூலி கேட்கும் உரிமை வரும்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். நாளை ஒரு வண்டி உங்கள் வாசலுக்கு வந்தால், திருப்புளியை எடுக்கும் முன் வாகனமோட்டியிடம் கேளுங்கள்: "இந்த வண்டி எங்கே ஓடுகிறது?" அந்தப் பதிலில்தான் அதன் அளவு இருக்கிறது.